காய்ச்சலும் பாய்ச்சலும், நடுவில் ஒரு ரோஸ்மேரியும்

செத்துப்போனதைச் சொல்லாமல் மறைக்கிற செடி ஒன்று உண்டென்றால் அது ரோஸ்மேரிதான். மற்ற செடிகள் வாடும், தலை தொங்கும், இலை மஞ்சளாகி உதிரும். நமக்கும் ஏதோ சரியில்லை என்று புரியும். சமையலுக்கு வாசனை சேர்க்கிற இந்த ரோஸ்மேரி அப்படியில்லை. ஊசி மாதிரி இலைகளோடு, பச்சை நிறம் கொஞ்சம் மங்கி, நிமிர்ந்தே நிற்கும். என் முதல் ரோஸ்மேரி இறந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆன பிறகும் நான் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தேன். உயிர் இருந்தால் தோலுக்கு அடியில் ஈரப் பச்சை தெரிய வேண்டும். தெரிந்தது காய்ந்த விறகு நிறம். தொட்டியைக் கவிழ்த்தேன். வேர் பழுப்பாக, கொழகொழவென்று, தேங்கிய குட்டையின் நாற்றத்தோடு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அப்போது அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, செடிக்குத் தாகம் எடுத்ததா, இல்லை உனக்குக் கை அரிச்சுதா?" என்றார்.

கைதான் அரித்தது. எனக்கு வீட்டில் இருந்தபடியே வேலை. ஒரு மணி நேரம் கணினியைப் பார்த்தால் கண் வலிக்கும், எழுந்து பால்கனிக்குப் போவேன். போனால் சும்மா வர மனம் வராது, பூவாளியைத் தூக்கிவிடுவேன். ஒரு நாளைக்கு ஐந்து முறை எழுந்தால் ஐந்து முறையும் தண்ணீர். செடி வளர்ப்பவர்களில் இரண்டு சாதிதான்: மறந்துபோகிறவர்கள், மறக்கவே மாட்டாதவர்கள். நான் இரண்டாவது. இதில் முதல் சாதிக்காரர்களின் செடிகள்தான் அதிகம் பிழைக்கின்றன என்பது என் வயிற்றெரிச்சல்.

வேர் அழுகல் எப்படி நம்மை ஏமாற்றுகிறது என்று அப்புறம்தான் புரிந்தது. வேருக்கும் மூச்சு வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே இருக்கிற இண்டு இடுக்கில்தான் அதற்கான காற்று இருக்கிறது. அதையெல்லாம் தண்ணீரால் அடைத்துவிட்டால் வேர் மூச்சுத் திணறிச் சாகும், அழுகல் கிருமிகள் புகுந்துவிடும். வேர் போனால் மேலே தண்ணீர் ஏறாது. தண்ணீர் ஏறாவிட்டால் செடி வாடும். வாடுவதைப் பார்த்தால் நாம் என்ன செய்வோம்? இன்னும் ஊற்றுவோம். ஈரத்தில் நின்றுகொண்டே தாகத்தில் சாகிற செடியைக் காப்பாற்றுவதாக நினைத்து நாமே முடித்து வைக்கிறோம்.

இரண்டாவது ரோஸ்மேரிக்கு முன்னேற்பாட்டோடு இறங்கினேன். தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று எல்லோரும் சொல்கிறார்கள் இல்லையா, அதைச் செய்தேன். இரண்டு அங்குல உயரத்துக்குக் கல், மேலே மண். அந்தச் செடி முதல் செடியைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது.

காரணம் தெரிய ஒரு பாத்திரம் துலக்கும் பஞ்சு போதும். பஞ்சை நன்றாக நனைத்துக் கையில் கிடைமட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். இப்போது அதே பஞ்சை அப்படியே செங்குத்தாக நிமிர்த்துங்கள். மறுபடியும் சொட்டும். பிழியவே இல்லை, உயரம் மட்டும்தான் கூடியது. மண்ணும் இதே பஞ்சுதான். எவ்வளவு வடித்தாலும் அடியில் கொஞ்ச உயரத்துக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் உயரமாக இருந்தால் அந்த ஈரப் பட்டை வேரின் பெரும்பகுதிக்குக் கீழே இருக்கும். கல்லைப் போட்டு நான் என்ன செய்தேன் என்றால், மண்ணின் உயரத்தைக் குறைத்து, அந்த ஈரப் பட்டையை இரண்டு அங்குலம் மேலே தூக்கி, வேரின் மடியிலேயே உட்கார வைத்தேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல் இடுக்குக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. கல்லை ஒட்டியிருக்கும் மண் நன்றாக ஊறிப்போன பிறகுதான் இறங்கும். வடிகால் வேண்டுமென்றால் மண்கலவை முழுவதிலும் கரடுமுரடான மணலோ, பெர்லைட் என்கிற எடை குறைந்த வெள்ளைத் துகளோ கலந்திருக்க வேண்டும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும். அவ்வளவுதான். கல்லுக்கு வேறு வேலை கொடுங்கள்.

மூன்றாவது செடியை மண்தொட்டியில் வைத்தேன். சுடுமண்ணின் சுவர் வழியாகவும் ஈரம் போகும் என்பதால் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காயும். கலவையில் சரிபாதி மணல். ஆனால் அதைக் காப்பாற்றியது மண்தொட்டி இல்லை, என் பயணம். அவசரமாக 12 நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து எந்தச் செடிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனேன். ரோஸ்மேரியை எழுத மறந்துவிட்டேன். அக்காவும் தாளில் இல்லாததற்கு ஊற்றவில்லை. போன இடத்தில் இரண்டாம் நாள் இரவு ஞாபகம் வந்தது, சரி, இதுவும் போச்சு என்று படுத்துக்கொண்டேன். திரும்பி வந்தால், ஒவ்வொரு கிளை நுனியிலும் வெளிர்ப் பச்சையில் புதுத் துளிர். கிட்டே போய்த் தொட்டேன், விரலில் பிசின் மாதிரி ஒட்டியது. அந்த வாசனை அன்று முழுக்கக் கையைவிட்டுப் போகவில்லை.

விவசாயத்தில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். ஒரு தண்ணீர் பாய்ச்சியபின் நிலம் காய விட்டு, அப்புறம் அடுத்த தண்ணீர். எத்தனையோ முறை காதில் விழுந்த சொல்தான். பூவாளியைக் கையில் வைத்திருந்த நாட்களில் அது பாய்ச்சல் மட்டுமே என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

வாசனைச் செடிகளை இப்போது நான் பிரித்து வைத்திருப்பதே இந்த இரண்டு சொல்லால்தான். காய்ச்சல் கட்சி: ரோஸ்மேரி, தைம், ஒரிகானோ, சேஜ், லாவெண்டர். மத்தியதரைக் கடலோரத்துப் பாறை நிலத்துப் பிள்ளைகள். இலையைப் பார்த்தாலே தெரியும், சின்னதாக, தடிப்பாக, அல்லது மேலே பூனைமுடியோடு இருக்கும். எல்லாம் ஈரத்தைச் சேமிக்கிற ஏற்பாடு. பாய்ச்சல் கட்சி: புதினா, கொத்தமல்லி, பார்ஸ்லி, துளசி வகைகள். இலை மெல்லிசு, அகலம், ஒரு வேளை தண்ணீர் தவறினால் முகம் சுருங்கும். அழகுக்காக இரண்டு கட்சியையும் ஒரே நீளத் தொட்டியில் நெருக்கி நட்டு விற்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ரோஸ்மேரியும் புதினாவும் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்றுக்கு நீங்கள் தாய், இன்னொன்றுக்கு எமன்.

எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வெயிலைப் பற்றி. "நல்லா வெயில் வரும்" என்பார்கள் எல்லோரும். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, சாக்பீஸால் தரையில் நிழலின் விளிம்பைக் கோடு போட்டேன். கைப்பிடிச் சுவரோரம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, நடுவில் நான்கு, உள்சுவரோரம் ஒன்றரை. எட்டுத் தொட்டிகளில் ஐந்தை நான் அந்த ஒன்றரை மணி நேர இடத்தில் வைத்திருந்தேன், எழுந்து போனால் கைக்கு எட்டும் என்பதற்காக. காய்ச்சல் கட்சிக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் நேர் வெயில் வேண்டும். துளசி வகைக்கும் அதே. புதினா, பார்ஸ்லி, கொத்தமல்லி நான்கு மணி நேரத்தில் சமாளித்துக்கொள்ளும். கடும் கோடையில் அதையே விரும்பும். ஒன்றரை மணி நேர இடத்தில் இப்போது விளக்குமாறு நிற்கிறது. ஆண்டு முழுதும் சூரியன் ஒரே வழியில் போவதில்லை என்பதால் பருவம் மாறும்போதெல்லாம் இந்தக் கோடு போடும் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். நான் செய்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

இனி எனக்குப் பிடித்த செடி. பேசில் என்று விற்கிறார்களே, அதற்குத் தமிழில் திருநீற்றுப் பச்சிலை என்று பெயர் இருக்கிறது. துளசியின் நெருங்கிய உறவு, இரண்டும் ஒசிமம் பேரினம். இதன் விதையைத் தொட்டியில் போடுவதை ஒருமுறை குனிந்து பக்கத்தில் பார்க்க வேண்டும். கறுப்பாக, எள்ளைவிடச் சிறிதாக இருக்கும். ஈர மண்ணின் மேல் வைத்தால் சில நிமிடங்களில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாம்பல் நீலத்தில் ஒரு வழவழப்பு வளையம் ஊதிக்கொண்டு வரும், மீன் கண் மாதிரி. அந்த வழவழப்புதான் ஈரத்தைப் பிடித்து வைத்து, விதையை மண்ணோடு ஒட்டவைக்கிறது. அதனால் மேலே மண் அள்ளிக் கொட்ட வேண்டாம், லேசாக அழுத்திவிட்டால் போதும். கதகதப்பான நாட்களில் ஒரு வாரத்துக்குள் முளை தலை காட்டும்.

கடையில் புதராக விற்கும் பேசில் தொட்டி ஒன்றை வாங்கி, இரண்டே வாரத்தில் அது சரிந்து விழுந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். உங்கள் மேல் தப்பில்லை. அது ஒரு செடியே இல்லை. உற்றுப் பார்த்தால் பத்து, இருபது நாற்றுகள் ஒரு கைப்பிடி மண்ணில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். வாங்கிய அன்றே தண்ணீரில் ஊறவைத்து, மண்ணைக் கரைத்து, மூன்று நான்கு கொத்தாகப் பிரித்து வேறு வேறு தொட்டியில் நட்டுவிடுங்கள். இரண்டு நாள் சோர்ந்து கிடக்கும், அப்புறம் நிமிரும். ஒரே தொட்டி விலையில் நான்கு தொட்டி.

அடுத்து, கிள்ளுவது. எனக்கு இது ரொம்ப நாள் கைவரவில்லை. வளர்கிற செடியின் தலையைக் கிள்ளுவது பாவம் என்று கீழே உள்ள பெரிய இலைகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டிருந்தேன். செடி ஒற்றைக் குச்சியாக, உச்சியில் நான்கு இலையோடு, குடைக் கம்பி போல வளர்ந்து பூத்துவிட்டது. செய்ய வேண்டியது நேர் எதிர். தண்டில் இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே வரும். ஒவ்வொரு ஜோடியின் கக்கத்திலும் அரிசி நொய் அளவுக்கு ஒரு குட்டித் துளிர் காத்துக்கொண்டிருக்கும். உச்சித் துளிர் இருக்கும்வரை அது சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள் இந்தக் குட்டிகளைத் தூங்கவைத்திருக்கும். கீழே மூன்று ஜோடி இலையை விட்டு, கணுவுக்குச் சற்று மேலே உச்சியைக் கிள்ளினால் கக்கத்திலிருந்து இரண்டு கிளை கிளம்பும். அந்த இரண்டையும் கிள்ளினால் நான்கு. பிறகு எட்டு. கிள்ளிய நுனியையும் எறிய வேண்டாம். கீழ் இலைகளை எடுத்துவிட்டு ஒரு குவளைத் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை வேர் விட்டிருக்கும். என் ஜன்னலில் எப்போதும் அப்படி ஒரு குவளை இருக்கிறது. என் அரிக்கிற கைக்கு அதில் தண்ணீர் மாற்றும் வேலையைக் கொடுத்திருக்கிறேன், அது பெரிய உதவி.

மொட்டு வந்தால் கிள்ளிவிடுங்கள், பூத்தால் இலை சிறுக்கும், வாசனையும் மாறும். இன்னொன்று, பறித்த பேசிலை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். 10 டிகிரிக்குக் கீழே குளிர் போனால் அதன் இலை கறுத்துவிடும். பூங்கொத்து மாதிரி தண்ணீர்க் குவளையில் வெளியே வையுங்கள்.

புதினாவை வளர்க்கத் தெரியாதவர் யாரும் இல்லை. அதை நிறுத்தத்தான் யாருக்கும் தெரியாது. தரையில் நட்டால் மண்ணுக்கு அடியில் தண்டு ஓட்டிப் பக்கத்துப் பாத்தியில் போய் முளைக்கும். தொட்டிதான் அதற்குச் சரியான சிறை. ஒரு வருடம் கழித்து என் புதினா திடீரென்று நடுவில் மொட்டையாகி ஓரத்தில் மட்டும் பச்சையாக நின்றது. உரம் போதவில்லை என்று நினைத்தேன். தொட்டியைத் தட்டிக் கவிழ்த்தபோது மண்ணே வெளியே வரவில்லை, தொட்டியின் வடிவத்திலேயே பின்னிய ஒரு வேர்க் கூடைதான் வந்தது. வெள்ளைத் தண்டுகள் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடி, போக இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. ரொட்டி வெட்டும் கத்தியால் அதை நான்காக அறுத்து, ஒரு துண்டை மட்டும் புது மண்ணில் வைத்தேன். மீதி மூன்றை வேண்டியவர்களுக்குக் கொடுத்தேன். இப்போது வருடம் ஒருமுறை இந்த அறுவை நடக்கிறது, வாங்கிக்கொள்ள ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறது.

புதினா வாங்கும்போது பெயர்ச் சீட்டை நம்பாமல் ஒரு இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். புதினா வகைகள் தங்களுக்குள் சுலபமாகக் கலந்துவிடும், விதையிலிருந்து வருவது தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பெப்பர்மிண்ட் என்பதே நீர்ப்புதினாவும் ஸ்பியர்மிண்ட்டும் கலந்து பிறந்த மலட்டுச் செடி, அது முளைக்கும் விதை வைப்பதே அரிது. அதனால் பெப்பர்மிண்ட் விதை என்று யாராவது விற்றால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். உங்களுக்குப் பிடித்த வாசனை யார் வீட்டில் இருக்கிறதோ அங்கிருந்து ஒரு குச்சி கேட்டு வாங்குவதுதான் வழி.

இதே பாடத்தை டாரகனிலும் படித்தேன், காசு கொடுத்து. ஒரு கடையில் டாரகன் விதை வாங்கி, பக்குவமாக முளைக்கவைத்து, நான்கு மாதம் வளர்த்து, முதல் இலையை வாயில் போட்டால் புல். சும்மா புல். சோம்பு வாசனைக்குப் பெயர் போன செடி அது. பிறகுதான் விஷயம் வெளிவந்தது: அந்த வாசனைக்காரி பிரெஞ்சு டாரகன், மலட்டுச் செடி, குச்சி வைத்தோ வேர் பிரித்தோதான் பெருக்க முடியும். விதையாக விற்பது ரஷ்ய டாரகன், காட்டுத்தனமாக வளரும், வாசனை சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. உறையில் வெறும் டாரகன் என்று மட்டுமே அச்சிட்டிருந்தார்கள். கடைக்காரரிடம் கேட்டதற்கு "முளைச்சுதா இல்லையா மேடம்?" என்றார். முளைத்ததே, அதுதானே பிரச்சினை. நம் மரிக்கொழுந்தும் இந்த டாரகனும் ஒரே ஆர்ட்டிமீசியா பேரினம் என்று தெரிந்தபோது, வாசனைக்கு ஏங்கிய மூக்கு நேராக மரிக்கொழுந்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் டாரகன் பக்கம் போகவில்லை.

கொத்தமல்லி விதையை அப்படியே தூவி முளைக்காமல் போனவர்கள் நிறைய. அந்த உருண்டை ஒரு விதை இல்லை, இரண்டு விதை சேர்ந்த ஒரு காய். சப்பாத்திக் கட்டையால் அழுத்தாமல் மெல்ல உருட்டினால் இரண்டு கிண்ணமாகப் பிரியும். பொடியாகிவிடக் கூடாது. காதில் கேட்கும், சின்னதாக ஒரு 'படக்'. ராத்திரி ஊறவைத்து மறுநாள் போடுங்கள். ஒன்றிலிருந்து இரண்டு வாரம் பொறுமை வேண்டும். ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று விட்டு எடுத்து நடுவது அதற்குப் பிடிக்காது, வளரப்போகும் தொட்டியிலேயே விதைத்துவிடுங்கள்.

எப்படி வளர்த்தாலும் வெயில் ஏறினால் கொத்தமல்லி பூவுக்குப் போய்விடும். முன்கூட்டியே சொல்லிவிடும்: புதிதாக வரும் இலை அகலம் குறைந்து, சோம்பு இலை போலக் கிழிகிழியாக வர ஆரம்பித்தால் ஆட்டம் முடிந்தது. அதைக் கிள்ளித் தடுக்கலாம் என்று நான் போராடிய நாட்கள் வீண். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னத் தொட்டி விதைத்துக்கொண்டே இருப்பது ஒன்றுதான் வழி. பூத்ததை அப்படியே விட்டுவிடுகிறேன். அந்தக் குடைப் பூக்களுக்கு வருகிற ஒரு வகைக் குட்டி ஈக்கள், ஒரே இடத்தில் ஹெலிகாப்டர் மாதிரி நிற்குமே, அவற்றில் பலவற்றின் புழுக்கள் அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சியைத் தின்னும். சம்பளம் இல்லாத வேலையாட்கள்.

என் கொழுந்தனார் கொத்தமல்லி சோப்பு வாடை அடிக்கிறது என்பார். சாப்பாட்டு மேசையில் பல வருடச் சண்டை இது. பாவம், அவர் நடிக்கவில்லை. இலையில் உள்ள ஆல்டிஹைடு என்கிற வாசனைப் பொருள்களை உணர்கிற ஓஆர்6ஏ2 என்ற வாசனை ஏற்பி மரபணுவுக்கு அருகில் இருக்கும் ஒரு மாறுபாட்டுக்கும் இந்தச் சோப்பு வாடைக்கும் தொடர்பு இருப்பதாக 2012-இல் ஓர் ஆய்வு வந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அவர் வரும் நாளில் பார்ஸ்லி பறிக்கிறேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு ஒரே ஒரு செடி சொல்லச் சொன்னால் கற்பூரவல்லி. தண்டும் இலையும் தண்ணீரைச் சேமித்து வைத்திருக்கும், நீங்கள் மறந்தாலும் கோபிக்காது. ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் வேர் விடும். இதையே ஓமவல்லி என்றும் சொல்வார்கள், ஓமத்தின் வாசனை அடிப்பதால். ஓமம் வேறு செடி, கொத்தமல்லி குடும்பம். கற்பூரவல்லி புதினா குடும்பம். குடும்பம் வேறானாலும் இரண்டிலும் தைமால் என்ற பொருள் இருக்கிறது. தைம் செடிக்கும் ஒரிகானோவுக்கும் அந்த வாசனை கொடுப்பதும் தைமாலும் அதன் உடன்பிறப்பான கார்வக்ராலும்தான். கண்ணை மூடிக்கொண்டு நான்கையும் மோந்து பாருங்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்வீர்கள். தைம் பிழைக்காத வீட்டில் கற்பூரவல்லியை வைத்துக்கொண்டு வாசனைக் குறையை ஓரளவு தீர்த்துக்கொள்ளலாம் என்பது இதனால்தான்.

உரத்தைப் பற்றி ஒரு வெட்கக் கதை. ஒரிகானோ வளரவில்லையே என்று வாராவாரம் திரவ உரம் ஊற்றினேன். வளர்ந்தது, அப்படி வளர்ந்தது. இலை இரண்டு மடங்கு பெரிசு, கரும்பச்சை. வந்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். கசக்கி மோந்தால் ஒன்றும் இல்லை, கீரை. வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பனித்துளி மாதிரி மினுங்கும். தழைச்சத்தைக் கொட்டினால் இலை வீங்கும், வாசனை நீர்த்துப்போகும். காய்ச்சல் கட்சிக்கு நடும்போது ஒரு கை மண்புழு உரம் போட்டால் அந்தப் பருவத்துக்கு அது போதும். அடிக்கடி பறிக்கப்படும் பேசிலுக்கும் புதினாவுக்கும் மட்டும் மாதம் ஒருமுறை கொஞ்சம் கொடுக்கிறேன்.

அசுவினி வந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிடுவேன், பச்சையாக வாயில் போடும் இலைக்கு மருந்து அடிக்க மனம் வராது. பறிப்பது காலையில், பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்குள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. ரோஸ்மேரி, தைம், ஒரிகானோ நிழலில் காய்ந்தாலும் குணம் போகாது. கொத்தமல்லியையும் பார்ஸ்லியையும் காயவைத்தால் மிஞ்சுவது வைக்கோல். ரோஸ்மேரியை வெட்டும்போது மட்டும் பச்சை இலை உள்ள பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலையில்லாத கட்டைப் பகுதியில் வெட்டினால் பெரும்பாலும் அங்கிருந்து துளிர்க்காது. இதையும் வெட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

ரோஸ்மேரிக்கு லத்தீனில் கடல் பனித்துளி என்று பெயர். 2017-இல் அதைச் சால்வியா பேரினத்தில் சேர்த்து, சால்வியா ரோஸ்மரினஸ் என்று மாற்றிவிட்டார்கள், சேஜுக்குத் தங்கையாக. என் மூன்றாவது செடி இந்த மாற்றம் எதையும் கண்டுகொள்ளாமல் இப்போது முழங்கால் உயரத்தில் நிற்கிறது. அதிலிருந்து விரல் நீளத்தில் ஆறு குச்சி எடுத்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, மணலில் செருகினேன். நான்கு பிடித்துக்கொண்டது.

நேற்று மதியம் வழக்கம்போல எழுந்து போனேன். பூவாளி கையில். அம்மா அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே பெரிய ரோஸ்மேரித் தொட்டியில் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு விட்டு எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைக் காட்டினார்.

"இன்னும் ஈரமா இருக்கு. போய் வேலையைப் பாரு."